மண்ணின் நயத்தை அளத்தல்

உழவர் மண்ணை முதலில் அறிவது கையினால்தான். ஒரு பிடி மண்ணை நீர் விட்டுப் பிசைந்து, விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பார். நறநறவென்றால் மணல் மிகுதி. மாவைப்போல் வழுவழுவென்றால் வண்டல். ஒட்டிக்கொண்டு நாடாவாக நீண்டால் களி. பழகிய கை பெரும்பாலும் பிழை செய்வதில்லை. ஆயினும், கை கூறுவது தன்மையை, அளவையன்று. மணல், வண்டல், களி என்னும் மூன்றும் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதை எண்ணால் கூறுவதற்கே ஆய்வுக்கூடம் வேண்டியிருக்கிறது. இவ்விகிதத்தையே மண்ணின் நயம் என்கிறோம்.

இந்த எண்ணால் ஆவது என்ன என்று நேயர்கள் கேட்கலாம். விதர்ப்பத்தில் நாகபுரி ஆரஞ்சு வளரும் நிலங்களுள் பல கரிசல் நிலங்கள். களி மிகுந்தால் நீர் வடியாது. வேர் மூச்சு முட்டி மரம் நலியும். கன்று நட்டுப் பலன் காணச் சில ஆண்டுகள் ஆகும். அதன் பின்னர் நிலம் தகாதது என்று தெரிந்தால், போன ஆண்டுகளை யார் மீட்டுத் தருவார்? ஆகையால், நடுவதற்கு முன் களியின் அளவைச் சரியாக அறிவது ஒரு குடும்பத்தின் வாழ்வைப் பொறுத்த காரியம்.

பன்னாட்டு முறைப்படி, 2 மில்லிமீட்டர் முதல் 0.02 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள துகள் மணல், 0.02 முதல் 0.002 வரை வண்டல். அதற்கும் நுண்ணியது களி. அமெரிக்க வேளாண்மைத் துறையின் முறையிலோ மணலுக்கும் வண்டலுக்கும் எல்லை 0.05 மில்லிமீட்டர். எனவே, எந்த முறை என்று குறிக்காத அறிக்கையில் மணலின் எண்ணுக்குப் பொருள் இல்லை.

சல்லடையில் சலிக்கவொண்ணாத அளவுக்குக் களி நுண்ணியது. ஆகவே அதை நீரில் இட்டு, மூழ்கும் வேகத்தைக் கொண்டு பிரிக்கிறோம். சர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851-இல் வெளியிட்ட விதியே இதற்கு அடிப்படை. துகளின் விட்டம் பத்து மடங்கானால் மூழ்கும் வேகம் நூறு மடங்காகும். 20 டிகிரி சென்டிகிரேட் வெப்பமுள்ள நீரில் 0.02 மில்லிமீட்டர் துகள் 10 சென்டிமீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ 4 நிமிடம் 48 விநாடி ஆகிறது. 0.002 மில்லிமீட்டர் துகளுக்கு அதைப்போல் நூறு மடங்கு, அதாவது 8 மணி நேரம் வேண்டும்.

இவ்விதி செல்லுபடியாக வேண்டுமானால் துகள்கள் தனித்தனியே பிரிந்திருக்க வேண்டும். மண்ணில் அவை ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கின்றன. 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த மண்ணிலுள்ள மக்கை ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஊற்றி எரித்துவிடுகிறோம். பின்பு சோடியம் ஹெக்சாமெட்டா பாஸ்பேட் கரைசல் சேர்த்து நெடுநேரம் குலுக்குகிறோம். இதில் சோம்பல் காட்டினால், பிரியாத களிக்கட்டிகள் விரைந்து மூழ்கி, வண்டலென்றும் மணலென்றும் கணக்கில் ஏறிவிடும். மேற்குக் கடற்கரையின் செம்பாறை மண்ணில் இந்த ஆபத்து மிகுதி. இரும்பு ஆக்ஸைடு அங்கே களியைப் பிணைத்து வைத்திருக்கிறது. அந்தப் பிணைப்பைக் கரைத்து அளந்தால் ஓர் எண். கரைக்காமல் அளந்தால் வேறோர் எண். எவ்வாறு அளந்தோம் என்பதை அறிக்கையில் எழுதிவிடுவதே நேர்மை.

அளக்கும் முறைகளுள் நம்பத்தக்கது பிப்பெட் முறை. 20 கிராம் மண்ணை ஒரு லிட்டர் நீரில் கலக்கி, உரிய நேரம் கழிந்தபின் 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து 20 மில்லிலிட்டர் எடுத்து, 105 டிகிரியில் உலர்த்தி நிறுக்கிறோம். எடுத்தது ஐம்பதில் ஒரு பங்கு. 0.2 கிராம் நின்றால், மொத்தக் களி 10 கிராம். அதாவது நூற்றுக்கு 50. ஆனால் பிழையும் அவ்வாறே ஐம்பது மடங்காகப் பெருகும். துகளைப் பிரிப்பதற்கு அரை கிராம் உப்புச் சேர்த்திருந்தால், அதைக் கழிக்க மறப்பவர் களியை நூற்றுக்கு 2.5 பங்கு கூட்டி எழுதிவிடுவார்.

வெப்பமும் ஏமாற்றும். நீர் சூடேறினால் அதன் பாகுத்தன்மை குறையும். துகள் விரைந்து இறங்கும். 30 டிகிரியில் 8 மணி நேரம் என்பது ஏறத்தாழ 6 மணி 20 நிமிடமாகச் சுருங்குகிறது. குளிர்நாட்டு நூலிலுள்ள நேரத்தை நம் நாட்டுக் கோடையில் அப்படியே கைக்கொண்டால், களியில் ஒரு பகுதி பிப்பெட்டுக்குக் கீழே போய்விட்டிருக்கும்.

பல ஆய்வுக்கூடங்கள் விரைவு கருதி ஹைட்ரோமீட்டரைக் கையாளுகின்றன. ஜார்ஜ் பூயூகோஸ் 1920-களில் அமெரிக்காவில் இம்முறையைப் புகுத்தினார். வழக்கமாக 50 கிராம் மண்ணை எடுத்து, 40 விநாடியில் ஓர் அளவும் 2 மணி நேரத்தில் ஓர் அளவும் குறிப்பார்கள். அந்தக் கருவி 20 டிகிரிக்கு வகுக்கப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் லிட்டருக்கு 0.36 கிராம் கூட்டவேண்டும். 30 டிகிரியில் இது 3.6 கிராம், 50 கிராம் மண்ணில் நூற்றுக்கு 7.2 பங்கு! உண்மையில் களி 42 உள்ள மண், திருத்தம் செய்யாவிடில் 35 என்று தெரியும். அமெரிக்கப் பகுப்பில் 40-க்கு மேற்பட்டது களிமண் வகை. 35 என்பது அதைவிட இளகிய வகையில் சேரும். ஆரஞ்சு நடலாமா என்னும் கேள்விக்கு விடையே மாறிவிடக்கூடும். மேலும், 2 மணி நேரத்தில் நுண்ணிய வண்டல் முழுதும் இறங்கிவிடுவதில்லை; அது களியோடு சேர்ந்து எண்ணை உயர்த்தும். ஒரு பிழை மற்றொன்றை ஈடுசெய்யும் என்று நம்பி இருந்துவிடுதல் முறையாகாது.

இக்காலத்தில் லேசர் ஒளியைச் சிதறவிட்டுச் சில நிமிடங்களில் அளக்கும் கருவிகளும் வந்துள்ளன. களித்துகள் உருண்டையல்ல, தகடு போன்றது. அதனால் அக்கருவிகள் பிப்பெட்டைவிடக் களியைக் குறைத்தே காட்டுகின்றன. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தாமல் பழைய எண்ணோடு புதிய எண்ணைச் சேர்த்து வைக்கலாகாது.

2015-இல் இந்திய அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 பண்புகளை அளக்க வகை செய்யப்பட்டது. தழை, மணி, சாம்பல் சத்துக்களும், நுண்சத்துக்களும், கார அமில நிலையும் அவற்றுள் அடங்கும். மண்ணின் நயம் அப்பன்னிரண்டில் இல்லை. சத்தின் அளவு பயிருக்குப் பயிர், எருவுக்கு எரு மாறும். நயமோ ஒரு தலைமுறையில் பெரிதும் மாறாது. ஒரு முறை செவ்வையாக அளந்தால் நெடுங்காலம் பயன்படும்.

எனவே, தோட்டம் வைக்கவும் சொட்டு நீர்க் குழாய் பதிக்கவும் எண்ணுவோர், மண்ணின் நயத்தையும் அளந்து தரும்படி கேட்டுப் பெறுவது நன்று. எந்த முறையில், எவ்வளவு வெப்பத்தில், எத்தனை மணி நேரத்தில் அளந்தார்கள் என்பதையும் கேட்கலாம். எண்ணோடு கையின் அறிவையும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் பெரிதும் மாறுபட்டால், கன்று நடும் முன் மறுபடியும் ஒரு முறை அளந்துவிடுவதே அறிவுடைமை.