அலுவலக எடைக் குறைப்புத் திட்டம்: சேருமுன் ஒரு வரவு செலவு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பின்னால் போண்டாவும் காபியும் தயாராக இருக்கின்றன. அதற்கு முன்பே எடையைப் பற்றிப் பேசிவிடுவதுதான் நல்லது.

நம் குடியிருப்பில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் அதிகம். பலருக்கு இப்போது அலுவலகத்திலிருந்தே ஆன்லைன் எடைக் குறைப்புத் திட்டம் வருகிறது. செல்போனில் ஒரு செயலியை இறக்கிக்கொள்ள வேண்டும். சாப்பிட்டதைப் பதிவு செய்ய வேண்டும். நடந்த அடிகளை அது எண்ணும். வாரம் ஒருமுறை உணவு ஆலோசகர் வீடியோவில் பேசுவார். மூன்று நான்கு மாதம் நடந்து, கடைசியில் ஜெயித்த அணிக்குப் பரிசுக் கூப்பன். "சேரலாமா அங்கிள்?" என்று லிஃப்டில் சிலர் என்னைக் கேட்டார்கள். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். வரவு செலவு பார்க்கத் தெரியும், அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில், நமக்கு இது தேவையா? தேவைதான். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் இருமடி பெருக்கி வகுத்தால் வருவது பி.எம்.ஐ. இந்தியர்களுக்கு அது 23க்கு மேல் போனாலே அதிக எடை, 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்று நம் டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐந்தடி ஐந்து அங்குலம், அதாவது 165 செ.மீ. உயரமுள்ளவர் 68 கிலோவில் அந்த இரண்டாவது கோட்டைத் தொட்டுவிடுகிறார். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. வீட்டில் தையல் டேப் இருந்தால் இன்றிரவே அளந்து பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள்.

அடுத்து, செல்போன் வழியாகச் சொன்னால் பலன் உண்டா? இதற்கு நம் சென்னையிலிருந்தே ஒரு நல்ல பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 537 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் உணவு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் அதன் பிறகு எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், எஸ்.எம்.எஸ். வராதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும், வந்தவர்களில் 18 பேருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. 2013இல் வெளியான முடிவு இது. விடாமல் வந்த நினைவூட்டலுக்கு அவ்வளவு மதிப்பு.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பிஜேஸ் என்ற பெரிய கடைக் குழுமத்தில், சுமார் 33,000 ஊழியர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 2019இல் வெளியானது. ஆரோக்கியத் திட்டம் நடந்த கடைகளின் ஊழியர்கள் உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று மற்றவர்களைவிட அதிகமாகச் சொன்னார்கள். ஆனால் ஒன்றரை வருடம் கழித்து ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை எதிலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் வேறொரு சோதனை செய்தார்கள். எடை குறைத்தால் காப்பீட்டு பிரீமியத்தில் 550 டாலர் தள்ளுபடி என்றார்கள். ஒரு வருடம் கழித்தும் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை.

வங்கியில் இருந்தவனுக்கு இதில் ஆச்சரியமில்லை. பரிசுக்காக ஆர்.டி. தொடங்குபவர் பாதியில் முறித்துவிடுவார். மாதாமாதம் கட்டும் பழக்கம் வந்தவர்தான் முதிர்வுத் தொகையைப் பார்ப்பார்.

இப்போது உடம்பின் கணக்கு. ஒரு கிலோ கொழுப்பு குறைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். வாரம் அரைக் கிலோ என்றால் தினமும் 550 கலோரி. அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய 150தான் போகும். இரண்டு போண்டா அதை நேர் செய்துவிடும். ஆகவே நடையை மட்டும் நம்பாதீர்கள். தட்டில் சோறு ஒரு கரண்டி குறைந்து, கூட்டும் பொரியலும் சுண்டலும் ஏற வேண்டும். பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் பலனில்லை என்றும் பயப்பட வேண்டாம். அந்த எண் 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிரபலமானது. இன்று மூவாயிரம் நடப்பவர் ஐயாயிரம் நடந்தாலே லாபம்தான்.

சேருவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, உங்கள் உடல்நிலை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கிவிடலாம். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், தைராய்டு உள்ளவர்கள் எல்லோரும் முதலில் தங்கள் டாக்டரிடம் பேச வேண்டும். செயலிக்கு உங்கள் மாத்திரைச் சீட்டு தெரியாது.

இரண்டு, வேகம். வாரம் அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. யார் அதிகம் குறைத்தார் என்று போட்டி வைத்தால் பட்டினி கிடக்கத் தோன்றும். அதில் தசையும் சேர்ந்து கரையும். போட்டி முடிந்ததும் எடை வட்டியோடு திரும்பி வரும்.

மூன்று, உங்கள் எடையும் ரத்தப் பரிசோதனை முடிவும் யார் கண்ணில் படும்? மேலாளருக்குப் பெயரோடு போகுமா, மொத்தக் கணக்காக மட்டும் போகுமா? எழுத்தில் கேளுங்கள். 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை இருக்கிறது. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று கவுன்டரில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பட்டனும் கையெழுத்துதான்.

நான்கு, அதற்கு நம் சமையல் தெரியுமா? ஓட்ஸும் அவகாடோவும் மட்டும் சொல்லும் திட்டம் நான்காவது வாரம் தாங்காது. கேழ்வரகு அடை, பாசிப்பருப்பு, கீரை மசியல் என்று பேசும் ஆலோசகர் கிடைத்தால் தைரியமாகச் சேருங்கள்.

கம்பெனிக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாப்பாட்டு வேளையில் மீட்டிங் வைத்துவிட்டு, நேரத்துக்குச் சாப்பிடு என்று செயலியில் மணியடிப்பதில் அர்த்தமில்லை. உங்கள் மேலாளரிடம் அந்த அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக நம் பங்கு. அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சற்று இடைவெளி கிடைக்கிறது. நாமோ ஒன்பது மணிக்கு நடைபாதை விளக்கை அணைத்துவிடுகிறோம். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் ஒரு பெண் தனியாக நடப்பதைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. பத்து விளக்கு, ஒவ்வொன்றும் 20 வாட். பத்தரை வரை எரிந்தால் மாதத்துக்கு 9 யூனிட்தான் கூடும். இத்தனை வீடுகள் பகிர்ந்துகொள்ளும் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது. விளக்கோடு, அந்த நேரத்தில் காவலாளி ஒருமுறை சுற்றி வரவும் ஏற்பாடு வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருகிறேன். படிக்கும் நீங்களும் வந்து கை தூக்குங்கள்.

பெரியவர்களும் இரவு நடைக்கு வரலாம். கூட ஒரு ஆள் இருந்தால், செயலி நின்ற பிறகும் நடை நிற்காது.