பெரிய எழுத்தும் பொடி எழுத்தும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



இன்னைக்கு டெலிபோன் கார்டு பற்றிப் பேசப் போறேன். நமக்கு எதுக்கு இதுன்னு நினைக்காதீங்க. கடைசியில் நம்ம குழுவுக்குத்தான் வந்து சேரும்.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலோரத்தில் கானா என்று ஒரு நாடு. தலைநகர் அக்ரா. அங்கே சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்களுக்கும் சிறுசேமிப்பு உண்டு. ‘சூசூ’ என்று பெயர். வசூலிப்பவர் தினமும் ஒரே தொகையை வாங்கிக்கொண்டு போவார். மாதக் கடைசியில் ஒரு நாள் பணத்தைக் கூலியாக எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். கூலி எவ்வளவு என்பது முதல் நாளே தெரியும்.

அந்த நாட்டிலிருந்து நிறைய பேர் அமெரிக்காவில் குடியேறியிருக்கிறார்கள். வாட்ஸ்அப் வருவதற்கு முன்னால், ஊரில் உள்ள அம்மாவிடமும் பிள்ளைகளிடமும் பேச அவர்கள் கடையில் கார்டு வாங்கினார்கள். சுரண்டினால் ரகசிய எண். கார்டில் உள்ள நம்பருக்கு போன் செய்து, ரகசிய எண்ணை அழுத்தி, 011, கானாவுக்கு உரிய 233, பிறகு முதல் சைபரை விட்டுவிட்டு வீட்டு நம்பர். இவ்வளவுதான் வேலை.

சிக்கல் எங்கேன்னா, கணக்கில்தான். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கார்டு விலை 5 டாலர். முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘50 நிமிடம்’. அதாவது நிமிடத்துக்கு 10 சென்ட். பின்பக்கம் பொடி எழுத்தில், ஒவ்வொரு தடவை லைன் கிடைத்ததும் 50 சென்ட், மூன்று மூன்று நிமிடமாகத்தான் கணக்கு, வாரம் 60 சென்ட் பராமரிப்புக் கட்டணம்.

ஒரு அக்கா நாலு தடவை, தடவைக்கு 5 நிமிடம் பேசுறாங்க. லைனுக்கு 2 டாலர் போச்சு. 5 நிமிடம் 6 ஆகி, பேச்சுக்கு 2 டாலர் 40 சென்ட். மீதி 60 சென்ட்டை வாரக் கட்டணம் சாப்பிட்டுவிடும். பேசினது 20 நிமிடம், கார்டு காலி! அதே அக்கா ஒரே தடவையில் பேசியிருந்தால் 45 நிமிடம் கிடைத்திருக்கும்.

இது வெறும் கற்பனை இல்லீங்க. 2008-ல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் இப்படிப்பட்ட கார்டுகளை வாங்கிச் சோதித்தது. சொன்ன நிமிடங்களில் ஏறத்தாழ பாதிதான் கிடைத்தது. கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டார்கள். 2009-ல் அவை பணம் கட்டி சமரசத்துக்கு வந்தன.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ‘குறைந்த வட்டி, உடனடிக் கடன்’ என்று வாசலுக்கே வருகிறார்கள். அது பெரிய எழுத்து. செயலாக்கக் கட்டணம், காப்பீடு, தவணை தவறினால் அபராதம், இதெல்லாம் பொடி எழுத்து. அதனால் மூன்று கேள்வி கேளுங்க. கையில் எவ்வளவு வரும்? மொத்தம் எவ்வளவு கட்டணும்? நடுவில் என்னென்ன பிடிப்பாங்க?

படிக்கத் தெரியாதவங்க குழுவில் படிச்ச பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்க. பதில் எழுத்தில் வந்த பிறகே கையெழுத்து.