ஏரியும் எண்ணிக்கையும்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பது வழக்கு. அந்த ஏரிகளுள் பெரும்புகழ் பெற்றது வேடந்தாங்கல். பரப்போ சுமார் 30 ஹெக்டேர்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படையினர் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பறவைக் காவலுக்குக் கவுல் பெற்றனர். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. அரசு அதைச் சரணாலயமாக ஏற்றது 1936இல். ராம்சார் பட்டியலில் அது சேர்ந்தது 2022இல். ஊர் வழக்கம் முன்னே சென்றது. சட்டம் பின்னே வந்தது.

கருணை ஒன்றே இதற்குக் காரணம் என்பது கவிதைக்கு அழகாகலாம். உண்மை அதனினும் சுவையானது. நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் வக்காவும் இடும் எச்சம் ஏரிநீரில் கரைகிறது. அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. உழவனுக்குச் செலவில்லாத உரம்; பறவைக்குக் கூலி கேளாத காவல்.

இதே நிலப்பரப்பின் வடபால், ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை, இந்த உடன்படிக்கையின் ஒரு கை நழுவிவிட்டது. 1990களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை எழுந்தது முதல், வயல்கள் பல ஆலை வளாகங்களாயின. ஆலைகளால் பல குடும்பங்களில் அடுப்பெரிகிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆயினும் ஆயக்கட்டு போனபின் மதகைத் திறப்பவர் யார்? வரத்துக்கால் தூர்ந்தால் கேட்பவர் யார்? ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிச் செல்வது. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பிறகுதான் நகரம் இவ்வழிகளை நினைத்துப் பார்த்தது.

அந்த வெற்றிடத்தில்தான் எண்ணுவோர் வருகின்றனர். 1987 முதல் ஜனவரிதோறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 2015இல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாள்களில் தமக்கென ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கினர். ஆசிரியர், மாணவர், அலுவலர் எனப் பலரும் விடியலில் கரையேறி, பதினைந்து நிமிடமேனும் நின்று, கண்டதைக் கண்டபடி குறிக்கின்றனர். பெருங்கூட்டமாயின் பத்துப் பத்தாகப் பிரித்து மதிப்பிடுவர். இதற்குப் பட்டம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

கவிஞர்கள் நிறைந்த இந்த அவைக்கு இப்பணி அயலானதன்று. சத்திமுத்தப் புலவர் நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கை உவமை சொன்னார். அது தென்குமரி ஆடி வடதிசை மீள்வதையும் அறிந்திருந்தார். வலசையை அறிந்த கண் அது. இன்றைய கவிதையிலோ பெரும்பாலும் 'ஒரு பறவை' பறக்கிறது; அதற்குப் பெயர் இல்லை. வக்கா, முக்குளிப்பான், நாமக்கோழி, கூழைக்கடா, கரண்டிவாயன் என்று ஊர்வாயில் வழங்கும் பெயர்களைக் கேட்டெழுத வல்லவர் கணக்கெடுக்கும் குழுவில் ஒருவரேனும் இருத்தல் நலம். மேய்ச்சல்காரரும் மீன்பிடிப்பவரும் சொல்லும் பெயர்கள் ஏட்டில் ஏறாவிடில், பறவை வந்தாலும் சொல் வாராது.

ஒரு விதி புதியவர்களுக்கு வியப்பளிக்கும். பறவை ஒன்றும் இல்லாத ஏரிக்குச் சென்றவரும் வெறுங்கையோடு திரும்பலாகாது. நாளும் நேரமும் ஏரியின் பெயரும் எழுதி, எதிரே சுழியம் இட்டு வர வேண்டும். அந்தச் சுழியம் இல்லையேல், மறு ஆண்டு அங்கே நாலு வக்கா வந்திறங்கினாலும், அவை புதிதாய் வந்தவையா, என்றும் உள்ளவையா என்று சொல்ல வழியில்லை.