குளத்துக்கும் கணக்கு உண்டு



கடல் மரக்காணத்தில் இருக்க, செஞ்சியில் நின்று மீனைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். சுற்றிலும் ஏரி வைத்திருக்கும் ஊர் இது. ஏரி இருக்கும் ஊருக்கு மீன்பாசி குத்தகை புதிதல்ல.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி, மீன், இறால், சிப்பி எல்லாம் சேர்த்து 2022இல் உலகம் வளர்த்து எடுத்தது 9.44 கோடி டன். பிடித்ததை வளர்த்தது மிஞ்சியது அந்த ஆண்டில்தான். இதில் பெரும்பங்கு ஆசியாவுடையது. மீன் வளர்ப்பில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு.

இந்த வளர்ச்சிக்கு ஒரு முக்கியமான தொடக்கம் ஒடிசாவில் நடந்தது. கட்லா, ரோகு போன்ற கெண்டைகள் குளத்தில் வளரும். ஆனால் தேங்கிய நீரில் முட்டையிடாது. அதனால் அன்று மழைக்காலத்தில் ஆற்றில் வலை கட்டித்தான் குஞ்சு சேகரிக்க வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌத்ரியும் அவருடைய குழுவினரும் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டையை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் நாடு மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறது. மேல்நீரில் மேயும் கட்லா, நடுநீரில் ரோகு, அடிமண்ணில் மிர்கால் என்று ஒரே குளத்தில் மூன்றையும் விடலாம். சிறு விவசாயிக்கும் கைக்கு எட்டும் தொழில் இது.

இன்னொரு பக்கமும் உண்டு. 1990களில் ஏற்றுமதிக்காக நாகைக் கரையோரம் இறால் பண்ணைகள் பெருகின. வயலில் உப்பு ஏறியது. குடிநீர்க் கிணறு கரித்தது. போதாக்குறைக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து பண்ணைகளையே காலி செய்தது. இந்தப் பண்ணைகளுக்கு எதிராகக் கிராம சுயராஜ்ய இயக்கத்தின் காந்தியர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கான சட்டமும் வந்தது. லாபம் ஏற்றுமதிக் கணக்கில் ஏறியது. கெட்டுப்போன கிணறு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அதை ஏற்றவைக்க ஊர் மக்கள் வழக்கு நடத்த வேண்டியிருந்தது.

இன்று பட்டம் பெறும் மாணவர்களே, குளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: விடிவதற்கு முன் மீன்குளத்துக் கரையில் நின்று பாருங்கள். இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து ஆக்சிஜனைத் தீர்த்திருந்தால், மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். அனுபவசாலி உடனே மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைச் சுழற்றுவார். அன்றைக்குத் தீவனத்தையும் நிறுத்துவார். ஒரு குளம் எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு மேல் குஞ்சு விட்டால் லாபம் கூடாது, மீன்தான் சாகும்.

விலங்கியல் படித்தவர் நோயைக் கண்டுபிடிக்கலாம். வேதியியல் படித்தவர் தண்ணீரைச் சோதிக்கலாம். வணிகவியல் படித்தவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒழுங்கான வரவுசெலவு எழுதலாம். எந்தத் துறையில் பட்டம் வாங்கினாலும், உங்கள் ஊர் ஏரி ஏலத்துக்கு வரும் நாளில் கிராமசபையில் எழுந்து நான்கு கேள்வி கேளுங்கள்: என்ன மீன் விடுகிறார்கள்? கழிவுநீர் எங்கே போகிறது? பாசனத்துக்குத் தண்ணீர் மிஞ்சுமா? ஊராருக்கு அதில் மீன் கிடைக்குமா? பதில் வரும்வரை உட்காராதீர்கள். அதற்குத்தான் இந்தப் படிப்பு.