இன்ஜின் ஓட்டியவர் நாட்டை ஓட்டிய கதை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"யாராவது ஒரு பெரிய மனிதரைப் பற்றிப் பேசுங்க சார்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறாத ஒருவரைப் பற்றிக் கல்லூரி விழாவில் பேசினால் என்ன என்று தோன்றியது. அவர் பெயர் பென் சிஃப்லி. ரயில் இன்ஜின் டிரைவராக இருந்து, தொழிற்சங்கத்தில் வளர்ந்து, 1945 முதல் 1949 வரை ஆஸ்திரேலியாவின் பிரதமராக இருந்தவர்.

1885-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பாதர்ஸ்ட் என்ற ஊரில் பிறந்தார். ஐந்து வயதிலிருந்து பாட்டனாரின் பண்ணையில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் வாரத்தில் சில நாள்தான். 1893-இல் அங்கே வங்கிகள் வரிசையாக மூழ்கின. பாட்டனாரின் சேமிப்பும் அதில் போனது. எட்டு வயதுப் பையன் மனதில் அது ஆழமாகப் பதிந்துவிட்டது. பின்னாளில் வங்கிகளோடு அவர் மல்லுக்கட்டியதற்கு விதை அங்கேதான் விழுந்தது.

1903-இல் பாதர்ஸ்ட் லோகோ ஷெட்டில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அப்புறம் கிளீனர், ஃபயர்மேன், டிரைவர் என்று படிப்படியாக ஏறி 1914-இல் முதல் வகுப்பு டிரைவர் ஆனார். நீராவி இன்ஜினில் வேலை செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. கரி வாரிப் போட்டுக் கை காய்த்துப்போகும். ராத்திரி பகல் தெரியாது. அதற்கு நடுவிலும் இரவு வகுப்புகளுக்குப் போனார். கற்றுக்கொண்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் ரயில்வே பயிற்சி நிலையத்தில் இளைய தொழிலாளிகளுக்குப் பாடமும் எடுத்தார்.

1917 ஆகஸ்டில் சிட்னி ரயில்வே, டிராம்வே பட்டறைகளில் ஒரு புது முறை வந்தது. ஒவ்வொரு தொழிலாளியும் எந்த வேலைக்கு எத்தனை நேரம் எடுத்தான் என்று அட்டையில் குறித்து வைப்பார்கள். இதை எதிர்த்து வேலைநிறுத்தம் வெடித்து மாநிலமெங்கும் பரவியது. சிஃப்லியும் இறங்கினார். போராட்டம் தோற்றது. வேலை போயிற்று. மேல்முறையீடு செய்து திரும்பச் சேர்ந்தபோது சீனியாரிட்டி பறிபோயிருந்தது, பதவியும் இறங்கியது. நேற்றுவரை தனக்குக் கீழே இருந்தவன் இன்று மேலே! அனுபவித்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். அவர் முடங்கிப் போகவில்லை. 1920-இல் இன்ஜின் தொழிலாளர்களுக்காக நாடு தழுவிய சங்கம் அமைந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1928-இல் தொழிற்கட்சி சார்பில் மக்குவாரி தொகுதியில் வென்றார். 1931-இல் தோற்றார். மீண்டும் நாடாளுமன்றத்துக்குள் நுழைய 1940 வரை காத்திருந்தார். இடையில் வங்கிகளை ஆராய்ந்த அரச விசாரணைக் குழுவில் உறுப்பினராக இருந்து பொருளாதாரத்தைக் கரைத்துக் குடித்தார். 1941-இல் நிதியமைச்சர், 1945 ஜூலையில் பிரதமர்.

வேலையில்லாதோருக்கும் நோயுற்றோருக்கும் உதவித்தொகை, பனிமலை நீர்மின் திட்டம், 1946-இல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகம் என்று அவர் அமைச்சராகவும் பிரதமராகவும் இருந்த காலத்தில் நடந்தவை பல. இரவு வகுப்பில் படித்தவர் நாட்டுக்கே பல்கலைக்கழகம் கண்டார்! 1949 ஏப்ரலில் லண்டன் மாநாட்டில் நேருவோடு அவரும் அமர்ந்திருந்தார். இந்தியா குடியரசான பின்னும் காமன்வெல்த்தில் நீடிக்க வழி செய்த மாநாடு அது. ஆனால் வெள்ளையர் அல்லாதாரைக் குடியேற விடாத கொள்கையை அவர் அரசும் விடவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

பிரதமரான பிறகும் அரசு மாளிகையில் குடியேறவில்லை. கான்பெராவில் ஒரு சாதாரண ஹோட்டல் அறை. ஊருக்குப் போனால் பாதர்ஸ்ட்டில் பழைய சிறு வீடு. அவ்வளவுதான்.

இனிதான் நான் உங்களை யோசிக்கச் சொல்லும் இடம். 1949 ஜூனில் சுமார் 23,000 நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாரம் 35 மணி நேர வேலை, கூலி உயர்வு, நீண்ட கால விடுப்பு கேட்டார்கள். அங்கே அது குளிர்காலம். கரி இல்லை, மின்சாரம் இல்லை, ஆலைகள் மூடின, லட்சக்கணக்கானோருக்கு வேலை இல்லை. சங்கத் தலைமையில் இருந்த கம்யூனிஸ்டுகள் அரசைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்று சிஃப்லி நம்பினார். சங்கங்களின் பணம் முடக்கப்பட்டது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆகஸ்ட் முதல் தேதி ராணுவ வீரர்கள் கரி வெட்ட இறங்கினார்கள். இரண்டு வாரத்தில் போராட்டம் முடிந்தது.

1917-இல் எந்தப் பக்கம் நின்றார்? 1949-இல் எந்தப் பக்கம் நின்றார்? "நாற்காலி ஆளை மாத்திடுச்சு" என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படி எளிதாகத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுப்பெரியாத வீடுகளுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும், தொழிலாளி மீது அரசின் பலம் இறங்கினால் எப்படியிருக்கும் என்று அறிந்தவர், ராணுவத்தை அனுப்புமுன் இன்னும் ஒருமுறை பேசிப் பார்த்திருக்கலாம் என்பதே என் எண்ணம்.

அதே ஆண்டு டிசம்பர் தேர்தலில் அவர் கட்சி தோற்றது. தனியார் வங்கிகளை நாட்டுடைமையாக்க 1947-இல் அவர் கொண்டுவந்த சட்டம் நீதிமன்றத்தில் விழுந்ததும், பெட்ரோல் ரேஷனும், இந்தச் சுரங்கப் போராட்டமும் எல்லாம் சேர்ந்து வேலை செய்தன. எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது 1951 ஜூன் 13 அன்று மாரடைப்பால் காலமானார். அன்றிரவு நாடாளுமன்றத்தில் கூட்டாட்சியின் பொன்விழாக் கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. செய்தி கேட்ட பிரதமர் மென்சீஸ், அரசியல் எதிரியாக இருந்தும், விழாவை அப்படியே நிறுத்தினார்.

தொழிலாளர் இயக்கம் சட்டைப் பையில் நாலு காசு கூடுதலாகப் போடுவதற்கு மட்டுமல்ல, எல்லோரையும் கைதூக்கி விடுவதற்கு என்று 1949-இல் ஓர் உரையில் சிஃப்லி சொன்னார். குன்றின் மேல் விளக்கு என்று அந்த இலட்சியத்தை வர்ணித்தார். இன்றும் அந்நாட்டில் அந்த உரை நினைவுகூரப்படுகிறது.

தம்பி, தங்கைகளே! நீங்களும் ஒருநாள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவீர்கள், மானேஜராகவோ அதிகாரியாகவோ. எதிரே ஒருவர் மனுவோடு நிற்பார். உங்களால் "சரி" என்று சொல்ல முடியாமலும் போகலாம். ஆனால் அவரை உட்காரச் சொல்லி, முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு எடுங்கள்.