கடைசிச் சுற்றில் ஒரு வீரர்: ஏலக் கணக்கில் நமக்குள்ள பாடம்

(நமது சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கிரிக்கெட் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு ஆடத் தெரியாது. நான் பி.காம். படித்து வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எனவே ஆட்டத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பேசுகிறேன். ஐபிஎல் ஏலத்தில் எல்லோரும் எழுந்து போன பிறகு, கடைசியில் அடிப்படை விலைக்குப் போகிறார்களே சில வீரர்கள், அவர்களை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் இன்றைய விஷயம்.

ஏலத்தில் பெரிய பெயர்கள் முதலில் வருவார்கள். பணம் கரைந்ததும் விரைவு ஏலம் தொடங்கும். அணிகள் கேட்கும் பெயர்கள் மட்டும் கூப்பிடப்படும். ஒரே ஓர் அணி கை தூக்கினால் அடிப்படை விலையிலேயே முடிந்துவிடும். இந்தியாவுக்கு ஆடாத புதியவர்களுக்கு அந்த விலை வெகுகாலம் 20 லட்சமாக இருந்தது. 2025 சீசனிலிருந்து 30 லட்சம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2022 டிசம்பரில் கொச்சியில் நடந்த ஏலம். ஓர் அணியின் மொத்தச் செலவு வரம்பு 95 கோடி. நம் சென்னை சூப்பர் கிங்ஸ் பென் ஸ்டோக்ஸை 16.25 கோடிக்கு எடுத்தது. அதே ஏலத்தில் அஜிங்க்ய ரஹானேவை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு எடுத்தது. கையில் 100 ரூபாய் இருந்தால் ஸ்டோக்ஸுக்கு 17 ரூபாய், ரஹானேவுக்கு 53 காசு.

2023 சீசனில் ஸ்டோக்ஸ் காயத்தால் இரண்டே ஆட்டம் ஆடினார், 15 ரன். ரஹானே 326 ரன். அதாவது ஸ்டோக்ஸின் ஒரு ரன் ஒரு கோடியே எட்டு லட்சம், ரஹானேவின் ஒரு ரன் சுமார் 15,300 ரூபாய். காயம் யார் கையிலும் இல்லை, ஸ்டோக்ஸைக் குறை சொல்லவில்லை. ஆனால் 17 ரூபாய் போனால் வலிக்கும், 53 காசு போனால் வலிக்காது. சின்னத் தொகையில் நஷ்டத்துக்கு எல்லை உண்டு, லாபத்துக்கு இல்லை. கடைசிச் சுற்றின் ரகசியம் இவ்வளவுதான்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாமா? கூடாது. சின்னக் கடன் என்பதற்காக விண்ணப்பத்தைப் படிக்காமல் கொடுப்போமா? மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: அணியில் எந்த இடம் காலி? பொதுவாக நல்ல வீரர் என்பது போதாது. ரஹானே வந்து நின்றது, நடுவே வேகமாக ரன் சேர்க்க ஒருவர் தேவைப்பட்ட இடத்தில்.

இரண்டாவது: மற்றவரிடம் கிடைக்காத ஒரு சரக்கு இருக்கிறதா? சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி நடராஜனிடம் யார்க்கர் இருந்தது. இலங்கையின் மதீஷ பத்திரனவிடம் மலிங்கா பாணியில் கையைத் தாழ்த்தி வீசும் வேகம் இருந்தது. 2022-ல் காயம்பட்ட ஆடம் மில்னுக்குப் பதிலாக 20 லட்சத்துக்கு வந்தவர், 2023-ல் 19 விக்கெட் எடுத்தார். எல்லாப் பாடத்திலும் 60 வாங்கும் பையன் ஒருவகை. ஒரே பாடத்தில் 98 வாங்குபவன் வேறுவகை. கடைசிச் சுற்றில் தேட வேண்டியவன் இரண்டாமவன்.

மூன்றாவது: காத்திருக்கும் மனசு அணிக்கு உண்டா? ருதுராஜ் கெய்க்வாட் 2018 டிசம்பர் ஏலத்தில் 20 லட்சத்துக்கு வந்தார். 2019 முழுக்க ஓர் ஆட்டம்கூட இல்லை. 2020-ல் கொரோனா. பிறகு முதல் மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து 5 ரன். அங்கேயே கைகழுவியிருக்கலாம். அந்த சீசனின் கடைசி மூன்று ஆட்டங்களிலும் அரைசதம் அடித்தார். 2021-ல் 635 ரன் எடுத்து ஆரஞ்சு தொப்பி வாங்கினார், அணியும் கோப்பை வென்றது. வைப்புநிதியை முதிர்வுக்கு முன்னால் உடைப்பவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்கக் கால்பந்தில் ஏலம் இல்லை, அணிகள் முறைவைத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும், ஏழு சுற்று. 2000-ஆம் ஆண்டு டாம் பிராடி ஆறாவது சுற்றில் 199-ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். பிறகு ஏழு முறை சாம்பியன்.

இப்போது ஒரு எச்சரிக்கை. நான் சொன்னதெல்லாம் ஜெயித்தவர்களின் பெயர். வசூலான கடனை மட்டும் காட்டினால் எந்தக் கிளையும் லாபக் கிளைதான். ஏதாவது ஒரு பழைய ஏலத்தின் கடைசிப் பத்துப் பெயரை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 25 பேர் வரை உள்ள அணியில் களத்தில் இறங்குவது இம்பாக்ட் வீரரையும் சேர்த்து 12 பேர். மற்றவர்கள் தண்ணீர் பாட்டில் தூக்குவார்கள். அணிக்கு அது 53 காசு. அந்தப் பையனுக்கோ அவன் இளமை முழுதும்.

இங்கேதான் நம் குடியிருப்புக்கு வருகிறேன். விடிகாலையில் கிட் பையைத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளைகள் நம் தெருவிலும் உண்டு. பத்தாம் வகுப்பு வந்ததும் சில பெற்றோர் மட்டையைப் பறித்து வைக்கிறார்கள். சிலர் படிப்பையே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார்கள். இரண்டுமே ஒரே பெட்டியில் எல்லாப் பணத்தையும் போடுவது.

நமக்குப் பக்கத்திலேயே பாருங்கள். அஸ்வின் காலவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரியில் பொறியியல் முடித்தவர். வருண் சக்கரவர்த்தி கட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்.மில் கட்டடக்கலை படித்தவர். வருணை 2019-க்குப் பஞ்சாப் 8.4 கோடிக்கு எடுத்து, ஒரே ஆட்டம் ஆடவைத்து விடுவித்தது. அடுத்த ஏலத்தில் கொல்கத்தாவில் விலை 4 கோடி. ஓராண்டில் விலை பாதியானது, ஆள் அதே ஆள்தான். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூன்றே ஆட்டத்தில் 9 விக்கெட் எடுத்தார். விலை என்பது அன்றைக்கு அறையில் இருந்தவர்களின் அவசரம். தகுதி வேறு.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளையிடமும் அதே மூன்று கேள்வியைக் கேளுங்கள். அவனுக்கென்று ஒரு சரக்கு இருக்கிறதா? அது தேவைப்படும் இடம் எது? எத்தனை ஆண்டு காத்திருக்க உங்களால் முடியும்? அந்த ஆண்டைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். அதுவரை புத்தகமும் இருக்கட்டும், மட்டையும் இருக்கட்டும். தேர்வில் பெயர் வராத நாளில் அவனுக்கு விலை இல்லை என்று மட்டும் வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள்.