நடுவரும் பயிற்சியாளரும்



ஆவடியில் இளைஞர்களுக்குக் கூடைப்பந்து கற்பிப்பவன் நான். பயிற்சியாளர் நடுவரிடம் எதிர்பார்ப்பது யாது?

1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவில் இவ்வாட்டத்துக்கு 13 விதிகளை வகுத்தபோதே, ஆட்டக்காரரைக் கவனிக்க ஒருவரையும் பந்தைக் கவனிக்க ஒருவரையும் அமர்த்தினார். முரட்டுத்தனம் புகாமல் காப்பதே அவர் நோக்கம்.

விதியறிவு, சளைக்காத கால், கூரிய கண் இவை நடுவரின் தொழில்திறமை. ஆயினும் இவை மட்டும் போதா. சர்வதேச விதிப்படி ஐந்தாம் தவறு செய்த ஆட்டக்காரர் வெளியேற வேண்டும். அவ்வேளையில் பயிற்சியாளர் பதறிக் கேட்பார். நடுவர் அமைதியாக ஒரு சொல்லில் காரணம் கூறினால், தீர்ப்புக் கசந்தாலும் மனம் ஏற்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டால், நேரிய தீர்ப்பின்மீதும் ஐயம் எழும். கவச வாகனங்கள் உருவாகும் இவ்வூரில் இதை எளிதில் உணரலாம்: அளவு பிசகிய உறுப்பைத் தள்ளும் பரிசோதகர் காரணமும் சொன்னால்தானே தொழிலாளி திருந்துவார்?

பயிற்சியாளருக்கும் கடமையுண்டு. மரியாதையுடன் கேட்க விதி இடம் தருகிறது, அவமதித்தால் தண்டிக்கிறது. தோல்வியின் பழியை நடுவர்மேல் சுமத்துபவர், தம் மாணவருக்குச் சாக்குச் சொல்லவே கற்பிக்கிறார். நடுவரும் தவறக்கூடும். ஆனால் தம் அணிக்குச் சாதகமாக அவர் தவறியபோது, எழுந்து முறையிட்ட பயிற்சியாளர் எத்தனை பேர்?